உயர்தரத்தில் எந்தப் பாடங்கள்?

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற தொழில் வழிகாட்டற் கருத்தரங்கில், பத்தாம், பதினோராம் தர மாணவியருக்கும் பெற்றோருக்கும் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





நூற்றாண்டு என்றதும் பழைய மாணவிகள் மேடையேறிப் பழங்கதை பேசப் போகிறார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் பேசத்தான் போகிறோம். ஆனால் அது உங்கள் அலுவலாகத்தான். இந்த ஆண்டில் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று செயற்குழுவில் பேசப்பட்டபோது, எங்கள் அங்கத்தவர்களிடம் கருத்துக் கேட்டோம். கொழும்பில் இருப்பவர்கள், கனடாவில் இருப்பவர்கள், இங்கே கோயில் வீதியில் இருப்பவர்கள் என்று பலர் எழுதினார்கள். திரும்பத் திரும்ப வந்தது ஒரு விடயந்தான்: "உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்தபோது எங்களுக்குச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள்."

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பது பாடங்களுக்கும் என்ன வந்தது என்று மாமா, சித்தி எல்லோரும் தொலைபேசியில் கேட்பார்கள். மறுகேள்வி, "அப்ப பயோவா, மற்ஸா?" என்பது. ஒன்பது ஏ என்றால் கேள்வியே இல்லை, பயோ. அதற்குள் பக்கத்து ரியூட்டரியில் புதிய வகுப்புத் தொடங்கிவிடும். சிநேகிதி பெயர் பதிந்துவிடுவாள். இரண்டு, மூன்று நாட்களுக்குள் தீர்மானம் எடுக்கப்பட்டு விடுகிறது. அந்தத் தீர்மானம் பிள்ளையின் அடுத்த பத்து வருடங்களைத் தீர்மானிக்கிறது.

எங்கள் காலத்தில் தெரிவு செய்வதற்கே அதிகம் இருக்கவில்லை. எங்களில் மூத்தவர்கள் எஸ்.எஸ்.சி. படித்தவர்கள். அப்போது பெண்பிள்ளைகள் கல்லூரி என்றால் மனைப்பொருளியலும் தையலும் நிச்சயம் இருக்கும். பௌதிகவியல் ஆய்வுகூடம் இருக்குமா என்பது அந்தக் கல்லூரியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. விஞ்ஞானம் படிக்க விரும்பிய சிலர் செய்முறை வகுப்புக்காக அயலில் இருந்த ஆண்கள் கல்லூரிக்கு நடந்து போனார்கள். ஊர் வாய் சும்மா இருந்ததா என்பதை அவர்களிடமே கேளுங்கள், முன்வரிசையில் இருக்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவ பீடத்துக்குப் போகக்கூடிய புள்ளிகளை எடுத்தும் போக முடியாதவர்கள் எங்கள் சங்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அந்த அநீதியைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அதிகம் பேசப்படாதது இன்னொன்று: மருத்துவம் இல்லையென்றானபோது அடுத்ததாக எங்கே போகலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை. சிலர் வங்கிக்குப் போனார்கள், சிலர் எழுதுவினைஞர் சேவைக்குப் போனார்கள், சிலர் ஆசிரிய கலாசாலைக்குப் போனார்கள். சிலர் வீட்டில் இருந்தார்கள். தொண்ணூறுகளில் படித்தவர்கள் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். இடப்பெயர்வுகளுக்கு நடுவே பரீட்சை எழுதியவர்கள். பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும், பாதை மூடியிருந்ததால் அல்லது பெண்பிள்ளையைத் தெற்குக்கு அனுப்ப வீட்டார் பயந்ததால், போகாமல் விட்டவர்களும் உண்டு.

உங்களுக்கு அந்தத் தடைகள் பெரும்பாலும் இல்லை. பாதை திறந்திருக்கிறது. ஆனாலும் வருடந்தோறும் நாங்கள் காண்பது என்ன? நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை உயிரியல் பிரிவில் முதற் தடவை தோற்றுகிறாள். மருத்துவத்துக்குப் போதவில்லை. இரண்டாம் தடவை தோற்றுகிறாள். மூன்றாம் தடவையும் தோற்றுகிறாள். பல்கலைக்கழக அனுமதிக்கு அதற்கு மேல் வாய்ப்பில்லை. வயது இருபத்தொன்றாகிவிடுகிறது. இடையில் வந்த தாதியியல், விவசாயம், உயிரியல் விஞ்ஞானம் என்ற வாய்ப்புகளை, "டொக்ரர் இல்லையென்றால் வேண்டாம்" என்று வீட்டிலேயே தள்ளிவிட்டார்கள். அம்மாவின் காப்பு ஈட்டுக்கடையில் இருக்கிறது. பிள்ளை யாருடனும் பேசுவதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பிள்ளையையாவது தெரியும்.

ஆகவே நாங்கள் இன்று சொல்ல வந்தது இதுதான். ஒரு பிரிவை எடுக்குமுன் அதன் முதலாவது கதவை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாவது கதவு எது, மூன்றாவது கதவு எது என்று பாருங்கள். அந்த இரண்டாவது கதவுக்குள் போகவும் உங்களுக்கு மனம் இருந்தால் மட்டும் அந்தப் பிரிவை எடுங்கள்.

உயிரியல் பிரிவையே முதலில் எடுப்போம், இந்த மண்டபத்தில் பாதிப் பேரின் மனதில் இருப்பது அதுதான். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் எடுத்தவருக்கு மருத்துவம், பல் மருத்துவம், பேராதனையில் மிருக வைத்தியம் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதற்கு அடுத்த வரிசையை எங்கள் வீடுகளில் எவரும் வாசிப்பதில்லை. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றும் யாழ். பல்கலைக்கழகத்திலேயே பட்டப்படிப்பாக இருக்கின்றன. இயன்மருத்துவம், கதிர்ப்படவியல் பேராதனையில் இருக்கின்றன. கைதடியில் சித்த மருத்துவம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடம் இருக்கிறது. ஒரு வைத்தியசாலை வைத்தியர்களால் மட்டும் நடப்பதில்லை. இரத்தத்தைச் சோதிப்பவர் ஒருவர், படம் எடுப்பவர் ஒருவர், விழுந்து கால் முறிந்தவரை மறுபடி நடக்க வைப்பவர் ஒருவர். எங்கள் அங்கத்தவர்களில் இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் இன்று பிற்பகல் மேசைகளில் இருப்பார்கள். "மருத்துவம் கிடைக்கவில்லை, அதனால் இது" என்று அவர்களிடம் தொடங்காதீர்கள். அவர்களில் சிலர் அதையே முதல் தெரிவாகக் கேட்டு எடுத்தவர்கள்.

இன்னொரு சின்ன விடயம், ஆனால் பெரிய விளைவு உள்ளது. பௌதிகவியல் கடினம் என்று அதற்குப் பதிலாக வேளாண் விஞ்ஞானத்தை எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது நல்ல பாடம். ஆனால் அதை எடுத்த அன்றே மருத்துவத்துக்கான கதவு மூடிவிடும். தெரிந்து மூடினால் பிழையில்லை. தெரியாமல் மூடி, பெறுபேறு வந்த பிறகு அறிந்துகொள்வதுதான் கொடுமை.

கணிதப் பிரிவுக்கு வருவோம். இணைந்த கணித வகுப்பில் போய்ப் பாருங்கள், பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று. சாதாரண தரக் கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளைகள் எல்லோரும் எங்கே போனார்கள்? "பெண்பிள்ளைக்கு மற்ஸ் சரிவராது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. மனப்பாடத்தை வெறுக்கிற, ஒரு கணக்கை விடாமல் இரவு பதினொரு மணி வரை உருட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை ஒருத்தி உங்கள் வீட்டில் இருந்தால், அவளை உயிரியலுக்கு அனுப்புவது அவளுக்குச் செய்கிற தண்டனை. பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். பொறியியல் பீடம் இப்போது கிளிநொச்சியிலேயே இருக்கிறது; மொறட்டுவைக்கும் பேராதனைக்கும் போகத்தான் வேண்டுமென்றில்லை. பொறியியல் கிடைக்காதவருக்கு கணினி விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம், புள்ளிவிபரவியல், சப்ரகமுவவில் நில அளவை என்று பிரிந்து போகிறது. கணித ஆசிரியர்களுக்கு இந்த நாட்டில் எப்போதும் தட்டுப்பாடுதான். எங்கள் கல்லூரியின் நேரசூசியைப் பார்த்தால் தெரியும்.

இந்த இடத்தில் இசட் புள்ளி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இதைக் கொண்டுதான் நடக்கிறது. ஆனாலும், "இந்தப் பாடம் லேசு, கூடப் புள்ளி எடுக்கலாம்" என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு பாடத்தில் எல்லோருடைய சராசரியும் 40, நியம விலகல் 20 என்று வையுங்கள். அதில் 70 எடுத்த பிள்ளை சராசரியிலிருந்து 30 புள்ளிகள் மேலே நிற்கிறாள். 30ஐ 20ஆல் பிரித்தால் 1.5. இன்னொரு பாடம், லேசானது. சராசரி 60, நியம விலகல் 10. அதில் அதே 70 எடுத்த பிள்ளைக்குக் கிடைப்பது 1 மட்டுந்தான். 1.5 வேண்டுமென்றால் அவள் 75 எடுக்க வேண்டும். அதாவது, எல்லோரும் நன்றாகச் செய்கிற பாடத்தில் நீங்களும் நன்றாகச் செய்வதால் முன்னேற முடியாது. உடன் எழுதுபவர்களைவிட எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதுதான் எண்ணப்படும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். ஆகவே லேசான பாடத்தைத் தேடுவதில் பயனில்லை. நீங்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய பாடம் எது என்று தேடுங்கள். அது பெரும்பாலும் நீங்கள் ஒருவரும் சொல்லாமலே எடுத்து வைத்துப் படிக்கிற பாடமாக இருக்கும்.

அதற்கு மேல் மாவட்டம் இருக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று ஒதுக்கப்படுகின்றன. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், வருடத்துக்கு வருடம் மாறும். கொழும்பிலிருக்கும் மச்சாளின் புள்ளியோடு உங்கள் புள்ளியை ஒப்பிட்டு அழவும் தேவையில்லை, சிரிக்கவும் தேவையில்லை. பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகள் எடுக்காவிட்டால், மூன்று ஏ இருந்தாலும் அனுமதி இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம். அதை யாரும் படிப்பதில்லை.

தொழில்நுட்பப் பிரிவு எங்கள் காலத்தில் இருக்கவே இல்லை. 2013இல் பாடசாலைகளில் தொடங்கியது. 2015இல் முதற் தொகுதி பரீட்சை எழுதியது. இதைப் பற்றி ஒரு தெளிவீனம் இருக்கிறது. பொறியியல் தொழில்நுட்பவியல் படித்தால் பொறியியல் பீடத்துக்குப் போகலாம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். போக முடியாது. அது போவது தொழில்நுட்ப பீடங்களுக்கு. அங்கே பெறுவது தொழில்நுட்பமாணிப் பட்டம், வேறு பட்டம். கையால் செய்து பார்ப்பதில் விருப்பமுள்ள பிள்ளைக்கு அது மிகப் பொருத்தமான வழி. ஆனால் ஒன்றை நினைத்து இன்னொன்றுக்குள் போகக் கூடாது. உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியலும் அப்படித்தான். அது மருத்துவத்துக்கான குறுக்கு வழி அல்ல.

வர்த்தகப் பிரிவு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அந்தப் பிள்ளைகள் பொதுவாகத் தெளிவாக இருக்கிறார்கள். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் படித்து முகாமைத்துவ பீடத்துக்குப் போகலாம். பட்டயக் கணக்காளர் பரீட்சைகளைப் பல்கலைக்கழகத்துக்குப் போகாமலும் எழுதலாம். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் நிற்க ஓரிடம் உள்ள பிரிவு இது.

கலைப் பிரிவு பற்றித்தான் எங்களுக்கு மனக்குறை அதிகம். குறை பிரிவில் இல்லை. அதற்குப் பிள்ளைகளை அனுப்புகிற விதத்தில் இருக்கிறது. "ஒன்றும் வராது, ஆர்ட்ஸ் செய்யட்டும்" என்று அனுப்புகிறார்கள். எல்லாப் பாடசாலைகளிலும் எல்லாப் பிரிவுகளும் இல்லை என்பது இன்னொரு காரணம். 1ஏபி பாடசாலைகளில்தான் விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமுந்தான். தீவுப்பகுதியிலோ வன்னியிலோ ஒரு பிள்ளைக்கு வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பாடசாலை எதுவோ, அதுவே அவளுடைய பிரிவைத் தீர்மானித்துவிடுகிறது. இங்கே இருக்கிற நீங்கள் அந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள். கலைப் பிரிவில் மூன்று பாடங்களைச் சேர்க்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. புள்ளி எடுக்கலாம் என்று யாரோ சொன்ன மூன்று பாடங்களை ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் எடுத்து, பட்டமும் பெற்று, பின்னர் வேலையற்ற பட்டதாரிகள் சங்கத்தில் அங்கத்துவம் எடுக்கிற நிலை எங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கே வந்திருக்கிறது. அதேவேளை புவியியலோடு பொருளியலும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியலும் எடுத்தவர், ஆங்கிலத்தை ஒரு பாடமாகவே எடுத்தவர், சிங்களத்தை விடாமல் படித்தவர், இவர்கள் வேறு நிலையில் நிற்கிறார்கள். சட்டம் எந்தப் பிரிவுக்கும் உரியது. கலைப் பிரிவு மாணவியும் போகலாம், கணிதப் பிரிவு மாணவியும் போகலாம். யாழ். பல்கலைக்கழகத்திலும் சட்டத்துறை இருக்கிறது. இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும். சங்கீதம், நடனம், சித்திரத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு மருதனார்மடம் இருக்கிறது, மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தரின் பெயரில் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இவற்றுக்கும், மொறட்டுவையின் கட்டடக் கலைக்கும் உளச்சார்புப் பரீட்சை உண்டு. பத்திரிகையில் ஒரு மூலையில் அறிவித்தல் வரும். திகதி போய்விட்டால் போனதுதான்.

அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை விரும்பிய பாடத்தை எடுக்காததற்குக் காரணம் கேட்டோம். அவள் சொன்னாள்: "அந்த வகுப்பு ரவுணில், முடிய ஆறரை மணி. கடைசி பஸ் போயிடும்." பௌதிகவியலை அந்தப் பிள்ளை விட்டது பௌதிகவியலுக்காக அல்ல, பேருந்துக்காக. உங்கள் பயத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை, நாங்களும் தாய்மார்தான். ஆனால் ஆண்பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்துத் தீர்க்கிற பிரச்சினையை, பெண்பிள்ளைக்குப் பாடத்தை மாற்றித் தீர்க்கிறோம். நாலு பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரு ஓட்டோவை மாதக் கணக்கில் ஒழுங்கு செய்யலாம். வகுப்பு நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரும்படி ஆசிரியரிடம் கேட்கலாம். கேட்டுப் பார்த்தால் பலர் மறுப்பதில்லை. இது எதுவும் முடியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். இந்த ஆண்டிலிருந்து கல்லூரி மண்டபத்திலேயே சனிக்கிழமைகளில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இலவசமாகக் கற்பிக்க எமது அங்கத்தவர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். நாலு மணிக்கு முடியும்.

தங்கைமாரே, ஆங்கிலத்தைப் பற்றி நாங்கள் சொன்னால் நீங்கள் சலித்துக்கொள்வீர்கள். ஆனாலும் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் எல்லாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில்தான். தமிழில் மூன்று ஏ எடுத்துப் போன பிள்ளைகள் முதலாம் வருடத்தில் விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் ஒன்றும் விளங்காமல் இருந்து அழுதிருக்கிறார்கள். சில கற்கைநெறிகள் சாதாரண தரத்தில் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ திறமைச் சித்தியையும் கேட்கின்றன. பத்தாம் தரத்தில் இருப்பவர்களுக்கு அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

சாதாரண தரத்தில் போதிய சித்தி கிடைக்காதவர்களும் இங்கே நாளை இருக்கக்கூடும். அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. தேசிய தொழிற்றகைமைப் படிகளில் ஏறிப் பட்டம் வரை போகலாம். கிளிநொச்சியில் ஜெர்மன் உதவியுடன் அமைந்த தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. இதை ஒரு குறைவான வழியாக இந்த மண்டபத்தில் எவரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனிச் செய்ய வேண்டியது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் அனுமதிக் கைந்நூல் ஒன்றை வெளியிடுகிறது; தமிழிலும் கிடைக்கிறது. எல்லாக் கற்கைநெறிகளும், ஒவ்வொன்றுக்கும் எந்த மூன்று பாடங்கள் வேண்டும், எந்தச் சித்தி வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றன. உயர்தரம் எழுதிய பிறகுதான் எல்லோரும் அதை வாங்குகிறார்கள். நீங்கள் இப்போதே வாசியுங்கள். பின்னாலிருந்து முன்னுக்கு வாசியுங்கள்: உங்களுக்குப் பிடித்த மூன்று கற்கைநெறிகளை முதலில் தெரிவு செய்து, அவை மூன்றுக்கும் பொதுவாக எந்தப் பாடங்கள் வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். நூலகத்துக்கு இரண்டு பிரதிகள் கொடுத்திருக்கிறோம். வெளியே எடுத்துப் போக முடியாது, இருந்து வாசிக்க வேண்டும்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு மண்டபத்தின் இரு பக்கமும் மேசைகள் போடப்படும். ஒவ்வொரு மேசையிலும் எங்கள் அங்கத்தவர் ஒருவர் இருப்பார்: நில அளவையாளர், தாதிய உத்தியோகத்தர், சட்டத்தரணி, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கணக்காளர், நடன ஆசிரியை, மென்பொருள் பொறியியலாளர். வைத்தியர்கள் இருவரும் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய மேசையில்தான் வரிசை நீளமாக இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே அந்த மேசைக்குப் போகுமுன் வேறு இரண்டு மேசைகளுக்குப் போய் வந்ததற்கான கையொப்பம் காட்ட வேண்டும் என்று ஒழுங்கு செய்திருக்கிறோம். அட்டைகள் வாசலில் கிடைக்கும்.